ஐம்பது சொற்களுக்கு மிகாமல்

படிவத்தில் ஏழாவது கட்டம்:
ஊரின் வரலாறு, ஐம்பது சொற்களுக்கு மிகாமல்.
எட்டாவது: தேவைகள்.
அதற்கு இரண்டே வரி விட்டிருக்கிறார்கள்.

ஊராட்சிச் செயலர் லூர்துராஜ்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கேட்கிறார்:
"சொல்லுங்க மெம்பரு, ஒத்தமடைப்பட்டி எப்ப உண்டாச்சு?"

எனக்கென்ன தெரியும்.
நான் வாக்கப்பட்டு வந்தது தொண்ணூற்று எட்டில்.
கொட்டாம்பட்டியிலிருந்து வந்த மினி பஸ்
ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டது.
என் சீர் பீரோ
நாலு பேர் தோளில் ஊருக்குள் வந்தது,
கண்ணாடி மட்டும் ஓடையில் தங்கிவிட்டது.
இதை எழுதலாமா என்றேன்.
சிரித்தார். எழுதவில்லை.

சரி, தேவைகளைச் சொல்கிறேன்.
மேல்நிலைத் தொட்டி இருக்கிறது,
முப்பதாயிரம் லிட்டர்.
கட்டிய கையோடு வடக்கே சாய்ந்துவிட்டதால்
பாதிக்கு மேல் நிரப்பக் கூடாதென்று
வாய்மொழி உத்தரவு.
பாதித் தொட்டியின் தண்ணீர்
எந்தத் தெருவோடு நிற்கும் என்று
தொட்டிக்குத் தெரிந்திருக்கிறது.
காலனிக் குழாயில் காற்றுதான் வரும்.

ரேஷன் கடை மூன்று கிலோமீட்டர்.
ஒய்யம்மாள் இந்த மாதம் நான்கு முறை நடந்தாள்.
கைரேகை பதியவில்லையாம்.
குவாரியில் இருபது வருசம் கல்லுடைத்த விரலில்
ரேகை எங்கே இருக்கும்,
கல்லில் போய்த் தேடுங்கள் என்றாளாம்.

அடுத்தது பாலம்.
இங்கேதான் பேனா நின்றது.

பாலம் என்று நாங்கள் சொல்வது
ஓடையின் குறுக்கே கிடக்கும் ஒரே கல்.
ஒன்பதடி நீளம், இரண்டு முழ அகலம்.
போன சித்திரையில் மதுரையிலிருந்து வந்தாள் ஜெரினா,
கல்வெட்டு படிக்கிறவள்.
செருப்பைக் கரையில் விட்டுவிட்டு
கல்லுக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தாள்,
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு.
பாம்பு கடித்த பிள்ளை கிடக்கிறதென்று
ஆடு மேய்க்கிற பயல்கள் ஊரைக் கூட்டிவிட்டார்கள்.

கல்லின் வயிற்றில் எழுத்து.
நாங்கள் இத்தனை காலம் நடந்தது முதுகில்.

ஒவ்வொரு சொல்லாகச் சத்தம் போட்டுப் படித்தாள்:
இவ்வூர்ப் பெருங்குளத்து மடை அழிந்து
நீர் நில்லாமையில்
இவ்வூர் வாணிகன் சாத்தன் எழினி
மடை செய்விக்க வைத்த காசு முப்பது.
கீழே இன்னொரு கையெழுத்து, சின்னதாக:
அம்மடையும் அழிந்தமையில்...
அதோடு கல் ஒடிந்திருக்கிறது.
கரையில் நின்ற பெருங்காமன் குனிந்து கேட்டார்:
"பில்லு பாஸாச்சாம்மா?"

அதற்கப்புறம்தான் வந்தது வினை.
கல்லை எடுத்தால்தான் பாலம் என்கிறது ஒன்றியம்.
கல்லைத் தொடவே கூடாது என்கிறது இன்னொரு துறை.
இரண்டும் கூடிச் செய்த ஒரே வேலை
கல்லின் இரண்டு முனையிலும் முள்கம்பி.

ஐப்பசி மழையில்
விருமாயி மகளுக்கு வலி கண்டது.
நூற்றியெட்டு அக்கரையில் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நிற்க,
கட்டிலோடு தூக்கி ஓடைக்குள் இறங்கினோம்.
முன்கால் என் கையில்.
இடுப்பளவுத் தண்ணீர்.
கல்லைத் தாண்டும்போது பனிக்குடம் உடைந்தது.
ஓடை அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.
மேலூர் வருமுன் பிறந்துவிட்டாள்.
இரண்டே முக்கால் கிலோ.
பிறந்த இடம் என்று என்ன எழுதுவது எனக் கேட்டு
ஆஸ்பத்திரியில் ஒரு படிவம்,
அது தனிக் கதை.

"மெம்பரு, மணி நாலாச்சு.
ஐம்பது சொல்லுக்கு நான் எங்க போவேன்?"

கல்லில் இருப்பதை எழுதுங்கள் என்றேன்.
எழுதினார், மளமளவென்று,
மடை அழிந்து நீர் நில்லாமையில் என்று தொடங்கி
காசு முப்பது வரைக்கும்.
எண்ணிப் பார்த்தார். நிறைய மிச்சம் இருந்தது.

எட்டாவது கட்டத்துக்கு வந்து
என் முகத்தைப் பார்த்தார்,
அவராகவே குனிந்து
மேற்படி என்று எழுதினார்.

முத்திரை குத்தினார். விழவில்லை.
மை காய்ந்துவிட்டது.
புது மைப்பெட்டி கேட்டு எழுதி
ஏழு மாதம் ஆகிறதாம்.